சம்பளத் தேதியும் மலைப்பிரசங்கமும்

கவலைப்படாதீர்கள் என்று இயேசு சொன்ன அந்தப் புகழ்பெற்ற பேச்சு, லூக்கா நற்செய்தியின்படி ஒரு சொத்துத் தகராறில் தொடங்கியது. கூட்டத்தில் நின்ற ஒருவன், அப்பன் சொத்தில் என் பங்கைப் பிரித்துத் தரும்படி என் சகோதரனிடம் சொல்லுங்கள் என்று கேட்கிறான். பாகம் பிரிப்பது என் வேலையில்லை என்று இயேசு மறுக்கிறார். ஆனால் அதோடு விடவில்லை. விளைச்சல் கொள்ளாமல் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டு, அன்று இரவே உயிரை விட்ட ஒரு பணக்காரனின் கதையைச் சொல்கிறார். காகங்களும் காட்டுப்பூக்களும் வருவது அதற்குப் பிறகுதான். இருப்பதை விற்று இல்லாதவருக்குக் கொடுங்கள் என்ற இடத்தில் போய் அந்தப் பேச்சு நிற்கிறது. பன்னிரண்டாம் அதிகாரத்தை இடையில் நிறுத்தாமல் படித்தால் கூடப்பிறந்தவர் சண்டையும் பணமும் கவலையும் கொடுப்பதும் ஒரே பேச்சாக இருப்பது தெரியும். நாம்தான் அதை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பிரித்துக்கொண்டோம்.

நெய்வேலிக்கு இந்த வரிசை புதிதல்ல. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளிவந்தது. அந்தப் பழுப்பு நிலக்கரியை எடுக்க 1956-இல் நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று சுரங்கப் பணியை நேரு தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி வேண்டுமென்றால் மேல்மண்ணை அகற்ற வேண்டும். அந்த மேல்மண்ணில் ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன. நிலம் கொடுத்த குடும்பத்தில் ஒருவருக்கு வேலை வேண்டும் என்ற கோரிக்கை இன்றும் ஓயவில்லை. நான்கு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை ஒருவருக்குத்தான் என்றால் அடுத்த பொங்கலுக்குள் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அண்ணன் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பார். தம்பி அதே சுரங்கத்தில் காண்ட்ராக்டில் இருப்பார். அம்மா யார் வீட்டில் இருப்பது என்பதில் பேச்சு முறியும்.

கிறிஸ்தவம் இந்த வட்டாரத்துக்குச் சுரங்கத்தோடு வந்ததல்ல. வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எழுப்பிய கோணாங்குப்பம் விருத்தாசலம் பக்கம்தான் இருக்கிறது. கடலூர்ப் பகுதியில் ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலை தேடித் தெற்கிலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் தங்கள் சபைகளையும் கூடவே கொண்டு வந்தார்கள். அதனால் ஞாயிறு காலையில் இங்கே ஒரே தெருவிலிருந்து திருப்பலிக்கு ஒரு குடும்பமும், ஆராதனைக்கு ஒரு குடும்பமும், உபவாச ஜெபத்துக்கு ஒரு குடும்பமும் கிளம்புவதைப் பார்க்கலாம்.

அப்படி ஒரு கோயிலில் ஒரு பெஞ்சை மனதில் நிறுத்திப் பாருங்கள். ஓரத்தில் நிரந்தரப் பணியாளர். அவருக்கு பி.எஃப். உண்டு, கிராஜுவிட்டி உண்டு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கவலையும் உண்டு. பக்கத்தில் மந்தாரக்குப்பத்திலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. காண்ட்ராக்ட் கை மாறும்போது தன் பெயர் பட்டியலில் இருக்குமா என்பது அவர் கவலை. அவருக்கு அடுத்து, நிலம் போன வீட்டுப் பெரியம்மா. கவலைப்படாதீர்கள் என்ற அதே பேச்சு மலைப்பிரசங்கத்தில் வருகிற மத்தேயு ஆறாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. மூவர் காதிலும் அது ஒரே மாதிரி விழுமா? விழாது என்றுதான் நினைக்கிறேன். ஒருவருடைய கவலையை இன்னொருவருடைய பணம் குறைத்தாக வேண்டும். அந்தப் பணம் கை மாறும் இடத்திலேயே மனஸ்தாபமும் பிறக்கும், அங்கேதான் மன்னிப்புக்கும் வேலை வரும். கவலை, பணம், மன்னிப்பு இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவரை அந்த வாசகம் காதுக்கு இனிய ஓர் ஓசையாகவே நின்றுவிடும்.

ஷிஃப்டுக்குக் கிளம்பும் வீடு

2020 மே 7 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்தது. இரண்டு மாதம் முடியுமுன் ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் இன்னொரு விபத்து. அன்றே 6 பேர் இறந்தார்கள். தீக்காயத்தோடு போராடியவர்களில் மேலும் சிலர் அடுத்த நாட்களில் போனார்கள். அந்த வாரம் கணவரை ஷிஃப்டுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம், விசுவாசம் இருந்தால் ஏன் கவலைப்படுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால், அப்படிக் கேட்டவர் இயேசுவின் பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை என்றே சொல்வேன்.

ஏனென்றால் அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் கலிலேயாவின் கூலிக்காரர்கள், குத்தகைக்காரர்கள், மீனவர்கள். எதை உண்போம், எதை உடுப்போம் என்பது அவர்களுடைய நிஜமான கேள்வி. அவர்களிடம் இயேசு துன்பமே இல்லை என்று சொல்லவில்லை; ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். நாளைய பாட்டை இன்றே சேர்த்துச் சுமக்காதே என்கிறார். காகம் விதைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் விடிந்ததிலிருந்து இரை தேடாத காகத்தை யார் பார்த்திருக்கிறோம்? ஹெல்மெட் போடுவதும், பாதுகாப்புக் குறையை எழுதிக் கொடுப்பதும், பிள்ளை பெயரில் இன்ஷூரன்ஸ் எடுப்பதும் விசுவாசக் குறைவல்ல. நாளைக்காக இன்று செய்யக்கூடியதைச் செய்துவிட்டுப் படுப்பது ஒன்று; நாளைக்கு என்னென்ன ஆகுமோ என்று விடியும்வரை புரள்வது வேறொன்று. இரண்டாவதைத்தான் அவர் விடச் சொன்னார்.

எதைக் குறித்தும் கவலைப்பட வேண்டாம் என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அதைச் சிறையிலிருந்து எழுதினார். அந்தக் கடிதத்தை முழுவதும் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். தன்னிடம் வந்த எப்பாப்பிரோதீத்து சாகும் நிலைக்குப் போனதையும், அவர் பிழைக்காவிட்டால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்பதையும், அவரைத் திருப்பி அனுப்பினால் தன் கவலை குறையும் என்பதையும் அதே கடிதத்தில் அவர் மறைக்காமல் எழுதுகிறார். கவலை வேண்டாம் என்றவருக்கும் கவலை இருந்தது. அது எப்படிக் குறைந்தது? பிலிப்பி சபையார் பணம் அனுப்பியிருந்தார்கள். எப்பாப்பிரோதீத்து அதைக் கையில் கொண்டுவந்திருந்தார். ஜெபமும் பணமும் ஆளும் சேர்ந்தே அந்தச் சிறைக்குப் போயின. ஜெபக்குறிப்பை வாங்கிக்கொண்டு ஆறுதல் சொல்லி அனுப்பும் சபைகள் இந்தக் கடைசிப் பகுதியையும் வாசிக்கட்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, சாப்பாடு இறங்காமல் இருப்பவருக்கு வசனம் மட்டும் போதாது. அவருக்கு மருத்துவர் வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண் 2022 முதல் இருக்கிறது; தமிழிலும் பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரை விசுவாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லை. மனதுக்கு மாத்திரை போடுபவரை மட்டும் ஏன் சொல்கிறோம்?

ஜாமீன் கையெழுத்து

சம்பளத் தேதி உள்ள ஊரில் கடனுக்கும் தேதி உண்டு. சொசைட்டி லோன், பி.எஃப். லோன், நகைக்கடன், ஏலச்சீட்டு, பெண்கள் குழுவில் வாங்கிய வாரக்கடன் என்று எதை எடுத்தாலும் வாரத்திலோ மாதத்திலோ ஒரு நாள் அதற்கு ஒதுக்கப்பட்டுவிடுகிறது. நிரந்தரப் பணியாளருக்கு வங்கி கடன் கொடுக்கும். காண்ட்ராக்டில் இருப்பவருக்கு வங்கி யோசிக்கும். வட்டிக்காரர் யோசிக்க மாட்டார். கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அதன் பிறகும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே, சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் இரண்டோடு, தீயில் போனதைத் தமிழ்நாடு பார்த்தது. கடன் வாங்குபவன் கொடுப்பவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் சொல்வதை அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

நெய்வேலியில் அதிகமாக உறவைக் கெடுப்பது வட்டியைவிட ஜாமீன் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கூட வேலை பார்ப்பவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்துப் போடுகிறோம். அவர் கட்டத் தவறினால் பிடித்தம் நம் சம்பளத்துக்கு வருகிறது. வீட்டில் கேள்வி எழுகிறது, கேண்டீனில் முகம் திரும்புகிறது. ஜாமீன் போகாதே, போய்விட்டால் தூங்காமல் ஓடி அதிலிருந்து விடுபடு என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கும் சீராக்கின் ஞானம் 29-ஆம் அதிகாரத்திலோ நல்லவர் அயலாருக்கு ஜாமீன் நிற்பார் என்று இருக்கிறது. ஜாமீன் நின்று அழிந்தவர் பலர் என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து நான் வந்து நிற்கும் இடம் இது: எவ்வளவு தொகையைத் திரும்பி வராது என்று இன்றே விட்டுக்கொடுக்க முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். கையெழுத்தின்போதே அதை மனதில் மன்னித்துவிடுங்கள். அதற்கு மேல் என்றால் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதுதான் அந்த நட்பைக் காப்பாற்றும்.

காணிக்கையைப் பற்றிப் பேச மேடைகளில் ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆயிரம் விதைத்தால் லட்சம் அறுப்பாய் என்ற ரீதியில் பேசுபவர்களும் உண்டு. ஏழை விதவை போட்ட இரண்டு காசைச் சொல்லிக் கேட்பார்கள். மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்னால், நீண்ட ஜெபம் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அதை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. வாரக்கடனில் தவிக்கும் ஒரு பெண் தசமபாகக் கவரை நீட்டினால், வாங்குமுன் கடன் எவ்வளவு அம்மா என்று கேட்கிற ஆயரும் பங்குத்தந்தையும் வேண்டும். அங்கே கொடுக்க நீள வேண்டிய கரம் சபையினுடையது.

கொடுப்பதற்குப் பெரிய சம்பளம் வேண்டும் என்பதும் உண்மையில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912-இல் இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானவர், தோர்ணக்கல்லின் ஏழைச் சபைகளை உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனியே எடுத்துவைக்கப் பழக்கினார். மிசோரத்தில் 1910 முதல் அதே பழக்கம் வீடுதோறும் இருக்கிறது. காஞ்சிப் பெரியவரும் பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னார். நெய்வேலிக்காரர்கள் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. பசித்தவர் எவரானாலும் சோறு என்று வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. அன்றன்றைய அப்பத்தைக் கேட்டு ஜெபிக்கிற கிறிஸ்தவர் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, தன் ஜெபத்துக்கு அடுத்த ஊர்க்காரர்கள் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாகப் பதில் சமைத்துக்கொண்டிருப்பதை நன்றியோடு நினைத்துக்கொள்ளலாம்.

பணத்தில் பொறாமைக்கும் ஓர் உவமை உண்டு. திராட்சைத் தோட்டத்துக்குக் காலையில் வந்தவனுக்கும் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி. காலையில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரம் கேட்கும் போதெல்லாம், நான் பரீட்சை எழுதி வந்தவன், அவர்கள் எப்படி எனக்குச் சமம் என்ற பேச்சு எழும்புகிறது. கோயிலில் பக்கத்தில் உட்காருபவரின் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே ஃபீஸ்தான், அரிசிக்கும் ஒரே விலைதான். மாலை ஐந்து மணிக்கு வந்தவனும் அன்று இரவு சாப்பிட்டாக வேண்டும் என்பதுதான் தோட்டக்காரரின் கணக்கு.

நூறு நாள் கூலி

மன்னிப்பைப் பற்றிக் கேட்டபோது இயேசு மறுபடியும் கடனைத்தான் எடுத்தார். மத்தேயு 18-இல் ஒருவன் ராஜாவுக்குப் பத்தாயிரம் தாலந்து பாக்கி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஆக, 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தால் 2 லட்சம் ஆண்டு. அது தள்ளுபடியாகிறது. வெளியே வந்தவன், தனக்கு 100 தெனாரியம் பாக்கி வைத்த சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு நாள் வேலைக்குப் போன நம் கிராமத்துப் பெண்களுக்கு அந்த நூறு நாள் கூலி என்றால் என்ன என்று தெரியும். அது சில்லறை இல்லை. நான்கு மாத உழைப்பு. சின்ன விஷயத்தை மன்னித்துவிடு என்று இயேசு சொல்லவில்லை. வலிக்கிற தொகையை, உனக்குக் கிடைத்ததை நினைத்து, விடு என்கிறார்.

கடன் அந்த நாட்டில் எவ்வளவு எரிகிற விஷயம் என்பதற்கு ஜோசபஸ் சாட்சி. கி.பி. 66-இல் ரோமருக்கு எதிரான கலகம் வெடித்தபோது, எருசலேமில் கலகக்காரர்கள் ஆவணக் காப்பகத்துக்குத் தீ வைத்தார்கள். வட்டிக்காரர்களின் பத்திரங்கள் அங்கே இருந்தன. பத்திரத்தை மற்றவன் எரிப்பதற்கு முன் நீயே கிழித்துவிடு என்று அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே ஒருவர் அந்த நாட்டில் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறார்.

மன்னிப்பென்றால் நடந்ததை மூடிவிடுவது என்று நினைப்பவர்களுக்கு கிளாடிஸ் ஸ்டெயின்ஸை நினைவூட்ட வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் அவருடைய கணவர் கிரஹாமும், பிலிப், திமோத்தி என்ற இரு மகன்களும் ஜீப்புக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னித்ததாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். நாட்டைவிட்டு உடனே போகவில்லை. பாரிபதாவில் தொழுநோயாளிகளோடு மகளை வைத்துக்கொண்டு 2004 வரை இருந்தார். 2005-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மன்னித்ததால் வழக்கு நின்றுவிடவில்லை. விசாரணை நடந்தது, தண்டனை வந்தது, 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மனதிலிருந்து வெறுப்பை இறக்குவது அவர் கையில் இருந்தது, இறக்கினார். நீதி சட்டத்தின் கையில் இருந்தது, அது அங்கேயே இருந்தது.

இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போ, எழுபது தரம் ஏழுமுறை மன்னி என்று பெண்களை அனுப்பிவைக்கும் வழக்கம் நம் சபைகளில் இன்னும் இருக்கிறது. லூக்கா 17-இல் தவறு செய்தவனைக் கடிந்துகொள், அவன் மனம் திரும்பினால் மன்னி என்று இருக்கிறது. கண்டிப்பதும் மனம் திரும்புவதும் இல்லாத வீட்டுக்கு ஒரு பெண்ணை அனுப்புவது போதனையாகாது. அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவள் பாதுகாப்பாக இருந்த பிறகு, மன்னிப்பதைப் பற்றி அவளே யோசிக்கட்டும்.

நிலம் இழந்தவர்களிடமும் அதே கவனம் வேண்டும். 2023 ஜூலை 26 அன்று, சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்ட வளையமாதேவியில் கதிர் விட்டு நின்ற நெல்லின்மேல் இயந்திரங்கள் இறங்கின. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த போராட்டத்தில் கல்லும் தடியும் பறந்தன. பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்று உயர் நீதிமன்றம் சொன்னது. தன் கையால் நட்ட பயிர் மடிவதைப் பார்த்த விவசாயியிடம் போய் மன்னிப்பைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டா? அந்தச் சுரங்கத்தின் மின்சாரத்தில் விளக்கெரிக்கிற நாம் முதலில் சகேயுவின் வீட்டுக்குப் போக வேண்டும். வரி வசூலில் பணம் சேர்த்த அவன், யாரிடம் அநியாயமாக வாங்கினேனோ அவருக்கு நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன், சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன் என்று எழுந்து நின்று சொல்கிறான். மீட்பு இந்த வீட்டுக்கு வந்தது என்று இயேசு சொன்னது அந்தக் கணக்கைக் கேட்ட பிறகு. இழந்தவரிடம் மன்னிப்பைக் கேட்பவர்கள் தாங்கள் திருப்ப வேண்டியதைக் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

மற்றபடி, நம் கைக்குள் இருக்கும் காரியங்கள் உண்டு. அன்பியக் கூட்டங்களில் செபமாலை முடிந்ததும் மாதம் ஒரு முறை கடனைப் பேசலாம். யாருக்கு எந்த வட்டியில் எவ்வளவு என்று வெட்கமில்லாமல் சொல்லும் இடம் அதுவாக இருக்கட்டும். வின்சென்ட் தே பால் சபையினர் வீடு தேடிப் போவதில் பழகியவர்கள். அவர்களோடு கணக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரும் போனால் வாரக்கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற வழி தெரியும். ஓய்வுப் பணம் கையில் வருகிற மாதத்தில், உறவிலும் சபையிலும் தமக்கு வர வேண்டிய பழைய பாக்கிகளை எடுத்துப் பார்க்கலாம். கொடுக்க முடிந்தவரிடம் வாங்குங்கள். உண்மையாகவே முடியாதவர் என்று தெரிந்தால் விடுங்கள்.

விடும்போது முறையாக விடுங்கள். வாயால் சொன்னது பிள்ளைகள் காலத்தில் நிற்காது. பீரோவில் புரோநோட்டு கிடந்தால் நாளைக்கு மகன் எடுத்துக்கொண்டு போய்க் கேட்பான். நோட்டின் பின்பக்கம் முழுத் தொகையும் தீர்ந்தது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, வீட்டில் ஒருவரையும் அவர்கள் பக்கத்தில் ஒருவரையும் சாட்சி வைத்து, வாங்கியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.